உறை பிரிக்காத சீட்டு

மழை பெய்தால் எனக்கு என் கூட்டாளியின் நினைப்பு வந்துவிடும். தேயிலைத் தோட்டத்தில் எனக்கும் அவளுக்கும் பக்கத்துப் பக்கத்து நிரை. யாருக்கு முதலில் முடிகிறதோ, அவள் மற்றவள் நிரையின் மறுமுனைக்குப் போய் எதிர்ப்பக்கமாகக் கொழுந்து கிள்ளிக்கொண்டு வருவாள். நடுவில் சந்தித்ததும் சேர்ந்து இறங்குவோம். பெரும்பாலும் பின்தங்குவது நான்தான். அவளுக்குக் கை வேகம், எனக்கு வாய் வேகம்.

எழுபதுகளில் டவுனுக்குப் போக எங்களுக்கு வழியில் வருகிற லாரிதான் கதி. கை காட்டினால் நிறுத்துவார்கள். கோஸ் மூட்டைமேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே போவோம். நிறுத்தாத கார்களை நான் ஏசுகிற ஏச்சில் அவள் வெட்கப்பட்டுத் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொள்வாள்.

"காசு வந்தா இவனுங்களுக்குக் கண்ணு தெரியாதாடி?" என்பேன்.

"என்ன அவசரமோ, விடு லா" என்பாள்.

பிறகு திரிங்காப்பில் காய்கறி லாரி வைத்திருந்தவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். ஒரு லாரி மூன்றானது. எண்பதுகளின் தொடக்கத்தில் புது காரும் வந்தது. சீட்டுகளில் கடையிலிருந்தே போட்டு வந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க நான் விடவில்லை. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். நான் அந்த உறைமேல் ஒரு துண்டையும் விரித்து உட்கார்ந்தேன்.

அப்படி ஒருநாள் மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ரிங்லெட் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வளைவுகளில் எனக்குக் குமட்டும் என்பதால் சாரல் அடித்தாலும் பரவாயில்லை என்று என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தேன். எங்கள் பழைய தோட்டத்துச் சந்தியில் அவள் நின்றிருந்தாள். இடுப்பில் சுற்றிக் கட்டிய வேலைச் சாக்கு, தோளில் துவண்டு கிடந்த பிள்ளை. நாங்கள் போகிற வழியிலிருந்த தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குத்தான் என்று பார்த்ததுமே தெரிந்தது. காருக்குக் கை நீட்டியவள், என் முகத்தைப் பார்த்ததும் சிரித்தாள்.

என் கணவர் வேகத்தைக் குறைத்தார். "உன் கூட்டாளி மாதிரி இருக்கே, நிப்பாட்டவா?"

"போங்க, பின்னால லாரி வரும்" என்றேன்.

சாக்கிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என் கண்ணில் பட்டது அதுதான். உறை போட்ட சீட்டில் எவ்வளவு சேறு விழுந்தால் என்ன, ஒரு துணியால் துடைத்தால் போயிற்று. அந்தப் புத்திகூட வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது.

ஒரு வாரம் கழித்து, பிஸ்கட் டின்னோடு தோட்டத்து லயத்தில் இருந்த அவள் வீட்டுக்குப் போனேன். காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். பிள்ளை தேறி வாசலில் விளையாடிக்கொண்டிருந்தது. எனக்கு உயிர் வந்தது. குழாயடியில் அவளோடு நாலைந்து பெண்கள் இருந்தார்கள்.

"கார்க்காரம்மா வந்துட்டாங்க" என்றாள் ஒருத்தி. "புள்ளைய மழையில விட்டுட்டுப் போனவங்க."

என் கூட்டாளி வெடுக்கென்று எழுந்தாள். "வாய மூடுடி. கண்ணாடியெல்லாம் பனி மூடியிருந்துச்சு. அவ பார்த்திருந்தா நிக்காம போவாளா?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ பார்க்கலதானே?"

திறந்திருந்த ஜன்னலில் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தவள் அவள்.

"பார்க்கலடி" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு என்னை உள்ளே கூட்டிப்போய்த் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். அதன்பிறகும் சில தடவை போனேன். முகம் சுளிக்கவில்லை. ஆனால் என்னிடம் எதையும் சொல்வதை நிறுத்திவிட்டாள். கொஞ்ச நாளில் குடும்பத்தோடு மலையிறங்கிப் போய்விட்டாள் என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். எங்கே என்று விசாரிக்காத ஆளில்லை. இன்றைக்கும் அவளைப் பார்க்க மனம் கிடந்து தவிக்கிறது.

என் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிக் கேட்டாள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று உள்ளே போனதும் எனக்கு முதுகைக் காட்டி, தண்ணீர் கொதித்து அடங்கும்வரை அடுப்பின் முன்னால் பேசாமல் நின்றாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். "பார்த்தேன்டி" என்று நான் சொல்வதற்காகக் காத்திருந்திருக்கிறாள்.

தேத்தண்ணி நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.