ஜெசிந்தா அக்கா மூக்கைப் பொத்திய பொட்டல்

கருவாட்டு வாசம்... தொல்லியலில் பி.எச்.டி. படித்த வருஷங்களை நினைத்தாலே முதலில் அதுதான் வருகிறது. ஃபீல்டுக்குப் போகும் வேம்பார் பஸ்ஸில் ஜெசிந்தா அக்காவின் கருவாட்டுக் கூடை பாதி என் மடியில்தான் இருக்கும். கேட்கவெல்லாம் மாட்டார். வைத்துவிடுவார்.

நாள் முழுக்கக் கருவாட்டோடு கிடக்கிறவர், உப்பளத்தை அடுத்த வெறும் பொட்டல் வந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். அங்கே ஒரு நாற்றமும் கிடையாது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று கேட்டேன்.

"ஏளா, சிரிக்காத. அங்கன சிப்பியக் குமிச்சு அழுகப் போட்டுத்தான் முத்து எடுத்தாவளாம். எங்கம்மா பொத்துவா, அவ அம்மையும் பொத்துவா. நானும் பொத்துதேன்."

எந்தக் காலத்தில் என்று அவருக்குத் தெரியாது.

அங்கேயே குழி போட்டோம். முழங்கால் ஆழத்தில் முத்துச்சிப்பி ஓடு... அடுக்கடுக்காக. பல நூறு வருஷப் பழசு என்று லேபில் சொன்னார்கள். அக்கா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, நாந்தான் சொன்னேம்லா என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்.

தீசிஸில் ஒரு சாப்டரே அவரைப் பற்றி எழுதினேன். கைடு சிவப்பு மையால் அடித்துவிட்டார். மூக்கைப் பொத்துவதெல்லாம் ஒரு டேட்டாவா? 'கள ஆய்வில் கண்டறியப்பட்டது' என்று மாற்றச் சொன்னார். நானும் அக்கா பேரையே எடுத்துவிட்டு மாற்றித் தொலைத்தேன். டிகிரி வேண்டுமே எனக்கு! இன்றைக்கும் நினைத்தால் கோபம் வருகிறது. கைடு மேல் பாதி, என் மேல் பாதி.

போன மாதம் அந்தப் பொட்டலில் லாரி யார்டு வருகிறது என்று தெரிந்து கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தோம். ஊராருக்கும் அந்த இடத்துக்கும் வழிவழியான தொடர்பு இருந்தால் தடுக்கலாம் என்றார்கள். பதில் வந்தது. அப்படி எந்தத் தொடர்பும் பதிவாகவில்லையாம். அதற்கு ஆதாரம் என் தீசிஸ்... பக்க எண்ணோடு.

அக்காவிடம் ஓடினேன். அப்பீல் விசாரணைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். தீசிஸில் என்ன இருக்கிறது என்று அவர் மகள் எப்போதோ படித்துச் சொல்லியிருக்கிறாள். அக்கா நிமிரவில்லை. காயப்போட்ட கருவாட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

"நீதான கண்டுபிடிச்ச. நீயே போய்ச் சொல்லு."

நேற்று அதே பஸ். அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார், வேறு இடம் இல்லை. கூடை முழுவதும் அவர் மடியிலேயே இருந்தது.