பஸ்ஸில் தின்னரை நெய் என்று சொன்னேன்

கதவுக்குப் பெயின்ட் அடித்தது போக ஒரு டின் தின்னர் மிச்சமிருந்தது. வீணாக்குவானேன், வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம் என்று அதை எடுத்துக்கொண்டு, என் மகளையும் கூட்டிக்கொண்டு, இன்று மதியம் வரதய்யபாளையத்தில் திருப்பதி பஸ் ஏறினேன்.

"டின்னுல ஏமி அண்ணா?" என்றார் கண்டக்டர்.

சட்டென்று தீப்பிடிக்கும் தின்னரை பஸ்ஸில் ஏற்றக் கூடாதென்று எனக்குத் தெரியும். ஆனால் வாய், "பெருமாளுக்கு நெய்ப்பா, விளக்குக்கு" என்று சொல்லிவிட்டது. மகள் என்னை முறைத்தாள்.

"சாமி நெய்ய கால்கிட்டயா வெப்ப?" என்ற கண்டக்டர், செருப்பைக் கழற்றிவிட்டு டின்னை இரண்டு கையாலும் ஏந்திப் போய், முன்னால் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். டிரைவர் கும்பிட்டுவிட்டு, ஊதுபத்தி ஏற்றத் தீப்பெட்டியை எடுத்தார்.

"ஐயோ, கொளுத்தாதீங்க! அது நெய் இல்ல, தின்னர்!"

பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "இவ்ளோ பேரு குந்திக்கினு கீறாங்களே அண்ணா, உன் பொண்ணும் கீதே" என்று மட்டும் சொன்னார்.

டின்னோடு இறங்கினோம். நிழலே இல்லை. மகள் குடையை விரித்து டின்னுக்குப் பிடித்தாள்.

"அல்ட்ரா வயலட் கதிரு தோலுக்கு ஆகாதுன்னு நீதானேம்மா சொன்ன?" என்றேன்.

"உன்னைச் சுட்டா உனக்கு மட்டுந்தான் நைனா. இதைச் சுட்டா எல்லாருக்கும்."

இன்னும் ரோட்டோரம்தான் நிற்கிறோம். இந்த டின்னை என்ன செய்வதென்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எண்ணெய் என்று சொல்லி ஏறச் சொல்பவர்கள் மட்டும் தயவுசெய்து வேண்டாம், மகளும் கமென்ட் படிக்கிறாள்.