செட்டிகுளத்துக் காரின் ஹெட்டை முடுக்கியவன்

பிச்சமுத்து இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு காரின் இஞ்சின் ஹெட்டை முடுக்கிக்கொண்டிருந்தேன். மேசையில் கைபேசி மூன்று முறை அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை. ஹெட் போல்டில் ரெஞ்ச் வைத்துவிட்டால் பாதியில் எழுந்திருக்கக் கூடாது என்பது அவன் பிடிவாதம். பத்தாவது போல்டையும் முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு திருப்பி அழைத்தேன். அவன் மனைவி செல்வி பேசினாள்.

"அரியலூர் ஆஸ்பத்திரியில இருக்கோம்ண்ணே. நெஞ்சு வலின்னாரு. ஒங்களக் கூப்பிடச் சொல்லிக்கிட்டே இருந்தாரு. இப்பத்தான் போயிட்டாரு."

அந்த மூன்று அழைப்பில் எது வரைக்கும் அவன் உயிரோடு இருந்தான் என்று அவளிடம் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

மெக்கானிக் சங்கத்து நண்பர்களே, அவர் என்று மரியாதையாக எழுதத்தான் பார்த்தேன், வரவில்லை. பெரம்பலூரில் பதினெட்டு வருடம் ஒரே பட்டறையைக் கூட்டாக நடத்தியவனை அவர் என்பது யாரோ மூன்றாம் மனிதரைப் பேசுவதுபோல் இருக்கிறது. படத்திறப்பு அன்று எல்லோரும் அவனைப் பற்றி நல்லதாகவே பேசினீர்கள். கடைசியில் ஒருவர் மட்டும், அந்தச் செட்டிகுளத்துக் கார் விஷயத்தில்தான் அவன் சறுக்கிவிட்டான் என்றார். கூட்டம் தலையசைத்தது. நானும் அசைத்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அவன் ஹெட் முடுக்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சிலிண்டர்களின் மேல் ஹெட்டை உட்கார வைத்து, நடுவில் இருக்கும் போல்டில் தொடங்கி, மாற்றி மாற்றி ஓரத்துக்குப் போவான். ஒரே மூச்சில் இறுக்க மாட்டான். மூன்று சுற்று. மூன்றாவது சுற்றில், இறுக்கம் சரியானதும் டார்க் ரெஞ்ச் 'டக்' என்று சொன்ன பிறகுதான் அந்த போல்டின் தலையில் ஒரு சொட்டு வெள்ளைப் பெயிண்ட் வைப்பான். நடுவில் யாராவது கூப்பிட்டு அவன் கவனம் சிதறிவிட்டால் போச்சு, பத்தையும் தளர்த்திவிட்டு முதலிலிருந்து வருவான். ஒருமுறை கல்யாண அவசரம் என்று வந்து நின்ற ஒரு பெரிய மனிதரிடம், "அவசரம்னா பஸ்ல போங்க சார். இது முடியற வரைக்கும் இது என் வண்டி" என்று சொல்லிவிட்டான். அவர் நிஜமாகவே பஸ்ஸில் போனார். நான் திட்டினேன். அவன் சிரித்தான்.

இனி அந்தக் காரைப் பற்றிச் சொல்கிறேன். அது என் சம்பந்தியின் கார். அப்போது என் மகளுக்கு நிச்சயதார்த்தம் மட்டும் முடிந்திருந்தது. இஞ்சினை முழுவதும் பிரித்து வேலை செய்து, ஹெட் ஏற்ற வேண்டிய நாள் வெள்ளிக்கிழமை. பிச்சமுத்து வேறொரு வண்டிக்குச் சாமான் வாங்கத் திருச்சி போயிருந்தான். தான் வந்து முடுக்குவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனான். ஆனால் சம்பந்தி காலையிலேயே மனைவியோடு வந்துவிட்டார். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் ஸ்டார்ட் செய்து பார்த்துவிட வேண்டும் என்றார். பெண் கொடுக்கப் போகிறவன் நான். காத்திருங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானே முடுக்கினேன். மூன்றாவது சுற்றில் ஆறு போல்டு முடிந்திருந்தது. சம்பந்தியம்மா தேங்காய் உடைக்கக் கூப்பிட்டார். எழுந்து போனேன். திரும்பி வந்தபோது மணி பத்து இருபது. எல்லாம் முடித்துவிட்டதாக நினைத்தேனா, முடித்ததாக இருக்கட்டும் என்று நினைத்தேனா, இன்று வரை எனக்கே தெரியாது. பத்திலும் பெயிண்ட் சொட்டை வைத்து மூடிவிட்டேன்.

கார் பத்தரைக்குள் ஸ்டார்ட் ஆனது; மறுநாள்தான் எடுத்துப் போனார்கள். மூன்று வாரம் ஓடியது. பிறகு ஒரு மதியம், சம்பந்தியின் அப்பாவுக்கு மூச்சுத் திணறித் திருச்சிக்குக் கொண்டுபோகும்போது, பாடாலூர் தாண்டி வெள்ளைப் புகை கக்கி நின்றுவிட்டது. வேறு வண்டி பிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் பெரியவர் போய்விட்டார்.

கட்டி இழுத்து வந்த காரைப் பிச்சமுத்துதான் திறந்தான். ஓரத்து நான்கு போல்டிலும் ரெஞ்ச் வைத்தான். நான்கும் தாராளமாகச் சுற்றின. நான்கின் தலையிலும் வெள்ளைப் பெயிண்ட். அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வெளியே சம்பந்தியும் அவர் பங்காளிகளும் நின்று, யார் முடுக்கியது என்று கேட்டார்கள். சம்பந்தி என் கையில் ரெஞ்சைப் பார்த்தவர்தான். ஆனால் கடைசி முடுக்கு எப்போதும் பிச்சமுத்துவுடையது என்று ஊருக்கே தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் சொல்லிவிட்டான்: "சாயங்காலம் வந்து கடைசிச் சுத்து வச்சது நான்தாங்க. எங்கிட்டதான் தப்பு."

அவர்கள் அடித்தார்கள். நான் விலக்கிவிட்டேன், உண்மையைச் சொல்லவில்லை. அவர்கள் போன பிறகு அவனிடம் அழுதேன். உதட்டில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "கம்முனு இரு மாப்ள. நம்ம புள்ள வாழப்போற வூடு அது."

ஆறு மாதம் கழித்துக் கல்யாணம் நடந்தது. அவனுக்குப் பத்திரிகை வைக்கக் கூடாது என்றார் சம்பந்தி. நான் வைக்கவில்லை. அவனோடு கூட்டும் கூடாது என்றார். நான் அதை எப்படிச் சொல்வது என்று திணறிக்கொண்டிருந்தபோது, அரியலூரில் சிமெண்ட் லாரி வேலை நிறைய இருக்கிறது என்று சொல்லி அவனே விலகிப் போனான். அவன் முடுக்கிய வண்டியில் ஏறாதே என்று இந்த ஊரில் சிலர் வேடிக்கையாகச் சொல்வார்கள். என் எதிரிலேயே சொன்னார்கள். மாதம் ஒருமுறை யாருக்கும் தெரியாமல் அரியலூர் போய் அவனைப் பார்த்து வருவேன். ஒரு நாளும் அவன் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அவன் எடுத்திருந்தால் நான் மனிதனாகியிருப்பேன்.

இதை எழுதுவதற்கு முன் நேற்று என் மகளிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சொன்னாள்: "புள்ள பொறந்தப்ப பிச்சமுத்து மாமா ஒருநா வாசல் வரைக்கும் வந்தாருப்பா. நான் மூஞ்சில அடிச்ச மாதிரி கதவச் சாத்திட்டேன்."

அவன் என்னிடம் அதைச் சொல்லவே இல்லை.

நாளைக் காலை சம்பந்தியிடம் உண்மையைச் சொல்லச் செட்டிகுளம் போகிறேன். அங்கே என்ன நடக்கும் என்று தெரியாது. மகளுக்கு என்ன ஆகும் என்றும் தெரியாது. நீங்கள் இனி அந்தக் காரைப் பற்றிப் பேசும்போது என் பெயரைச் சொல்லுங்கள். பிச்சமுத்துவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பழி ஒன்றைத்தான். அதையும் அவன் செத்த பிறகுதான் வாங்கிக்கொள்கிறேன்.