காலையில் திறந்த பக்கம்

கோவில்பட்டியில் இணையச் சேவைக் கடை வைத்திருக்கிறேன். நாகலாபுரத்துச் செல்வி அரசு வேலைத் தேர்வுக்கு என் கடையில்தான் விண்ணப்பித்தாள். தீப்பெட்டி ஆலைக்குப் போய்க்கொண்டே படித்தவள். வயது வரம்பின்படி அதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்தாள். “அண்ணாச்சி, சென்டர மாத்திட்டாவன்னு பேசிக்கிடுதாவ. ஒரு தடவ பாத்துச் சொல்லுதீயளா?”

கடையில் கூட்டம். காலையில் வேறொருவருக்காகத் திறந்த தேர்வு அறிவிப்புப் பக்கம் திரையில் அப்படியே இருந்தது. ரெஃப்ரெஷ் செய்யாமல் அதைப் பார்த்தே, “ஒண்ணும் மாறல, தைரியமா போ” என்றேன்.

மதியமே அறிவிப்பு வந்திருந்தது. கயத்தாறில் நடக்கவிருந்த தேர்வைத் தூத்துக்குடிக்கு மாற்றியிருந்தார்கள். மறுநாள் கயத்தாறில் பூட்டிய பள்ளி கேட்டைப் பார்த்துவிட்டு, தூத்துக்குடிக்கு ஓடியிருக்கிறாள். நேரமாகிவிட்டதென்று உள்ளே விடவில்லை.

ஒரு வாரம் கழித்து வந்தாள். மன்னிப்புக் கேட்டேன். “வயசு வரம்பக் கூட்டிருக்காவளா, பாருங்க” என்றாள். ரெஃப்ரெஷ் செய்து பார்த்தேன். கூட்டவில்லை. இன்னொரு முறை பார்க்கச் சொன்னாள். பார்த்தேன்.

இப்போதெல்லாம் யார் கேட்டாலும் பக்கத்தைப் புதிதாகத் திறந்து, அறிவிப்பையும் தேதியையும் அவர்களையே வாசிக்கச் சொல்கிறேன். செல்வி தன் தங்கையின் விண்ணப்பத்தை வேறு கடையில் போட்டதாகக் கேள்விப்பட்டேன்.