விறகு எங்கே போனது?

மலாயாவில் ரப்பரும் ஈயமும் விலை விழுந்து, வேலையில்லாதவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த சமயம் அது. நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வேலை போய், அம்பாங்கில் ஈயக்கல் அரைக்கும் ஆலையில் பாய்லருக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தேன். பெரிய இரும்பு உருளை ஒன்றை நீராவி எஞ்சின் சுழற்றும். உள்ளே கல்லும் இரும்புக் குண்டுகளும் சேர்ந்து புரளும். உருளை தேயாமலிருக்க உட்புறம் தகடுகள் பதித்திருப்பார்கள்.

பழைய தகடுகள் தேய்ந்துவிட்டன என்று புதிது மாற்றினார்கள். அதற்குப் படம் வரைந்தவர் எங்கள் ஃபோர்மேன், யாழ்ப்பாணத்துக்காரர். குண்டுகளை நன்றாகத் தூக்கிப் போட்டால் கல் சீக்கிரம் நொறுங்கும் என்று தகடுகளில் உயரமான வரப்புகள் வைத்திருந்தார்.

அதிலிருந்துதான் எனக்குச் சனி பிடித்தது. கல் சரியாகப் பொடியாகவில்லை, திரும்பத் திரும்ப அரைத்தோம். விறகு மளமளவென்று தீர்ந்தது. நான் அதைப் பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்தில் விற்கிறேன் என்று யாரோ ஆலையை நடத்திய வெள்ளைக்காரத் துரையிடம் சொல்லிவிட்டார்கள். வாரக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார் துரை. மனைவிக்கு நிறைமாதம்.

மறுநாள் ஃபோர்மேன் வந்து பாய்லர் பக்கம் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்தார். நான் போடும் கட்டைகளையே பார்த்தார். நடுநடுவே உருளையிடம் போய்க் காதுகொடுத்துக் கேட்டார். என்னைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மத்தியானம் ஆலையை நிறுத்தச் சொல்லி, சட்டையைக் கழற்றிப்போட்டு, விளக்கோடு உருளைக்குள் குனிந்து இறங்கினார். வெளியே வந்தபோது கையில் உடைந்த குண்டு ஒன்று இருந்தது.

துரையை வரவழைத்து எங்கள் முன்னாலேயே இங்கிலீஷில் பேசினார். துரையின் முகம் சிவந்தது. பிறகு ஃபோர்மேன் என் பக்கம் திரும்பினார்.

"உம்முடைய நெருப்பிலே பிழை இல்லை. பிழை என்ர தகட்டிலே."

வரப்பு உயரம் மிஞ்சிப்போனதால் குண்டுகள் கல்லின்மேல் விழாமல் எதிர்த் தகட்டில் போய் மோதுகின்றன, விறகெல்லாம் இரும்பை இரும்பால் அடிக்கவே செலவாகிறது என்று எல்லோருக்கும் தமிழில் விளக்கினார்.

வரப்பைத் தாழ்த்தி வார்த்த தகடுகளைப் போட்டதும் விறகுச் செலவு இறங்கியது. என் வேலை தப்பியது. ஆனால் துரை அதற்கப்புறம் அவரிடம் படம் வரையச் சொன்னதே இல்லை. ஃபோர்மேனிடம் நன்றி சொல்லப் போனேன். நெருப்பைக் கவனிக்கச் சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

அவர் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இன்றும் யார்மேலாவது குறை சொல்ல வாயெடுத்தால், அவர் அன்று எல்லோர் முன்னாலும் நின்ற நிலை ஞாபகம் வந்து, முதலில் என் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.