மூக்கம்மாவின் சனிக்கிழமைப் பக்கம்

பத்திரிகை அலுவலகத்தில் அவளை மூக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். யார் ஆரம்பித்து வைத்தார்கள் என்று தெரியாது. காரணம் மட்டும் எல்லாருக்கும் தெரியும். காபியோ ரொட்டியோ, முன்னால் வந்ததும் வாயில் வைக்க மாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு முதலில் ஒரு மோப்பம் பிடிப்பாள். அலுவலகக் காபி மெஷினில் நேற்றைய பாலை ஊற்றியிருந்தால், மாடிப்படி ஏறும்போதே அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். அப்படிப்பட்டவளை வேறு எப்படித்தான் கூப்பிடுவது?

வாரத்தில் ஐந்து நாள் அவளுக்குப் பிழை திருத்துகிற வேலை. சனிக்கிழமை இதழில் மட்டும் அரைப் பக்கம் அவளுடையது. நகரத்தின் காபிக் கடைகளையும் பேக்கரிகளையும் பற்றிப் பதினெட்டு வருடமாக அதில் எழுதுகிறாள். பஸ் டிப்போவுக்கு எதிரே காலை ஐந்து மணிக்குக் கதவைத் திறக்கிற காபிக் கடையிலிருந்து, காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுப் பதினொரு மணிக்குப் பரிமாறுகிற புது கஃபேக்கள் வரைக்கும் அவள் கால் படாத இடமில்லை. அந்தப் புது கஃபேக்களில் முட்டையைத் தட்டில் வைக்காமல் மரப்பலகையில் வைத்துக் கொடுப்பார்கள். "பலகையைக் கழுவுகிறவர் பாடுதான் பாவம்" என்று அவள் ஒருமுறை எழுத, அடுத்த வாரம் அந்தத் தெருவில் மூன்று கடைகளில் தட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

அவளுக்கென்று ஒரு முறை உண்டு. எழுதப்போகிற கடைக்கு மூன்று தடவை போவாள்: கடை திறந்த கையோடு ஒரு தடவை, கூட்டம் நெரிகிறபோது ஒரு தடவை, நாற்காலிகளைக் கவிழ்த்துப் போடுகிற நேரத்தில் ஒரு தடவை. காலையில் நல்ல காபி கொடுப்பது யாருக்கும் முடியும், கடை மூடுகிறபோது என்ன கொடுக்கிறான் என்பதில்தான் கடைக்காரனின் குணம் தெரியும் என்பாள். ஓசியில் எதையும் சாப்பிட மாட்டாள். அநாவசியமாகப் புகழ மாட்டாள். அவள் 'பரவாயில்லை' என்று எழுதினாலே கடைக்காரர்கள் அதை வெட்டிக் கண்ணாடியில் ஒட்டிவைத்துவிடுவார்கள்.

அப்பேர்ப்பட்ட மூக்கம்மாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சல்கூட இல்லை. நாலு நாள் படுத்தாள், ஐந்தாம் நாள் எழுந்துவிட்டாள். எழுந்து காபி போட்டுக் கண்ணை மூடி மோந்தாள். ஒன்றுமில்லை. டப்பாவைத் திறந்து காபித் தூளுக்குள்ளேயே மூக்கை விட்டாள். மூக்கு நுனியில் தூள் ஒட்டியதுதான் மிச்சம்.

டாக்டர் ரொம்ப நிதானமானவர். "சிலருக்கு ஆறு மாசத்துல திரும்ப வரும். சிலருக்கு வராமலே போகும். இனிப்பு, உப்பு, கசப்பு இதெல்லாம் நாக்குல தெரியும். மத்ததெல்லாம் மூக்கு வேலைம்மா," என்றார்.

அந்த மத்ததெல்லாம்தான் அவளுடைய பிழைப்பு. யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்தப் பக்கத்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். வெட்கமும்கூட. நீச்சல்காரன் தண்ணீரைக் கண்டு பயப்படுவதை வெளியே சொல்வானா?

வீட்டில் கண்டுபிடித்தது நாத்தனார். புருஷனின் தங்கை; மாடியில் குடியிருக்கிறாள், தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கிறாள். லாரியோடு வாரத்தில் ஆறு நாள் வெளியூரில் இருக்கிற அண்ணனை விட அண்ணியோடுதான் அவளுக்குப் பழக்கம் அதிகம், சண்டையும் அதிகம். ஒரு காலையில் அவள் கீழே இறங்கி வந்தபோது, மூக்கம்மா அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பத்திரிகை திருத்திக்கொண்டிருந்தாள். பின்னால் கல்லில் ரொட்டி கரியாகிக்கொண்டிருந்தது.

"அண்ணி, கருகுது."

"எது?"

நாத்தனார் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். திரும்பி அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். தையல்காரிக்கு அளவெடுக்க ரொம்ப நேரம் ஆகாது. "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டாள். மூக்கம்மா மேஜைமேல் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டாள். இருபது வருடத்தில் நாத்தனார் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரத்திலிருந்து இரண்டு பேருமாகப் போனார்கள். தின்பது நாத்தனார், எழுதுவது அண்ணி. சொல்ல எளிது. நாத்தனாரிடம் இருந்த வார்த்தைகள் மொத்தம் மூன்று: 'நல்லாயிருக்கு', 'சுமார்', 'இது எதுக்கு?' அவள் வாயிலிருந்து அரைப் பக்கத்துக்கு விஷயம் கறக்க மூக்கம்மா படாத பாடு பட்டாள்.

"காபியில பழ வாசனை மாதிரி ஏதாவது வருதா?"

"எந்தப் பழம்?"

"அதை நீதான் சொல்லணும்."

"வாழைப்பழம் வரல. வேற எது வரணும் அண்ணி?"

"சரி, குடிச்சு முடிச்சப்புறம் வாயில என்ன நிக்குது?"

நாத்தனார் கொஞ்சம் யோசித்தாள். "சில துணியைப் புதுசா வெட்டும்போது ஒரு வாடை வரும். பிடிச்ச வாடைதான். அது."

மூக்கம்மா அதை அப்படியே எழுதினாள். வாசகர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். 'இப்போதுதான் அம்மா எங்கள் பாஷையில் எழுதுகிறீர்கள்' என்று ஒருவர் கடிதமே போட்டார். மூக்கம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சுக்குள் சுருக்கென்றும் இருந்தது. நாத்தனாருக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமைதோறும் கடைக்கு ரவிக்கை தைக்க வருகிறவர்களுக்கு அந்தப் பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டினாள், யாருடைய நாக்கு என்பதை மட்டும் சொல்லாமல். இப்படி இரண்டரை மாதம் ஓடியது.

பழைய மார்க்கெட் சந்தில் ஒரு பேக்கரி உண்டு. பின்னால் அடுப்பில் பேக்கரிக்காரர், முன்னால் கல்லாவில் அவர் மனைவி. மூன்றாவது ஆள் கிடையாது. பேக்கரிக்காரர் புதிதாக எதைச் செய்தாலும் முதல் துண்டு மூக்கம்மாவுக்குத்தான். அவள் காசை வைத்துவிட்டுத் தின்று தலையாட்டிய பிறகே தட்டு கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். "நீங்க சொல்லிட்டா போதும். நான் வேற யார்கிட்டயும் கேக்க மாட்டேன்," என்பார். அந்த மரியாதையில் அவளுக்கு உள்ளூரப் பெருமை. அந்தக் கடைக்கு மட்டும் மூன்று தடவை போகிற வழக்கத்தையும் விட்டிருந்தாள்.

அவர் ஒரு புதன்கிழமை கூப்பிட்டு அனுப்பினார். வால்நட் கேக். நாத்தனாருக்குக் கல்யாணத் துணி தைத்துக் கொடுக்கிற நெருக்கடி, வர முடியாது என்றுவிட்டாள். மூக்கம்மா தனியாகப் போனாள். பதினெட்டு வருடமாகத் தின்கிற நாக்கு, அதற்கு அவர் கேக் மனப்பாடம், இதற்குக்கூடத் துணை வேண்டுமா என்று நினைத்துக்கொண்டாள். அங்கேதான் சறுக்கினாள்.

தின்றாள். இனிப்பு சரி. பதம் சரி. நாக்கின் ஓரத்தில் லேசாக ஒரு கசப்பு. வால்நட் தோலில் இருப்பதுதானே என்று விட்டுவிட்டாள். வழக்கம்போல் கண்ணை மூடி, வழக்கம்போல் தலையாட்டினாள். பேக்கரிக்காரரின் முகம் மலர்ந்தது. சனிக்கிழமைப் பக்கத்தில், இத்தனை வருடப் பழைய ருசிகளையெல்லாம் ஞாபகத்திலிருந்து எடுத்துப்போட்டு, இதுவரை யாருக்கும் எழுதாத அளவுக்குப் புகழ்ந்து எழுதினாள்.

சனிக்கிழமை மத்தியானம் நாத்தனார் கையில் ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றாள். ஒரு துண்டைக் கடித்து, உடனே கைக்குட்டையில் துப்பினாள்.

"அண்ணி, இதையா நல்லாயிருக்குன்னு எழுதினீங்க? பழைய எண்ணெய் மாதிரி சிக்கு வாடை அடிக்குது. வால்நட் பருப்பு கெட்டுப்போயிருக்கு. சந்து முழுக்க ஒரே சத்தம். வாங்கினவங்க எல்லாரும் திருப்பிக் கொண்டுவந்து குடுக்குறாங்க."

"அவர் என்ன சொல்றாரு?"

"சண்டை போடறாரு. 'மூக்கம்மாவே சாப்பிட்டு நல்லாயிருக்குன்னாங்க, உங்க நாக்குலதான் கோளாறு'ங்கறாரு. பழகினவங்கன்னுகூடப் பாக்கல."

 கேக் கெட்டுப்போயிற்று என்று ஊரே சொல்கிறது. அந்த மனுஷர் ஊரை நம்பாமல் மூக்கம்மாவை நம்பிக்கொண்டு நிற்கிறார். செத்துவிடலாம்போல் இருந்தது அவளுக்கு.

திங்கட்கிழமை ஆசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். ஆசிரியர் கெட்டவர் இல்லை. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"இதை நீங்க என்கிட்ட சொல்லல, நானும் கேக்கல. ஒரு நாலு வரி போட்டுருவோம். 'நான் போன அன்று நன்றாக இருந்தது, பிறகு மட்டமான சரக்கைப் போட்டுவிட்டார்'னு. உங்க பக்கமும் நிக்கும், பத்திரிகை பேரும் நிக்கும்."

"அவரு கடை?"

"அது அவரு பாடு."

அவள் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். அந்த நாலு வரியை எழுதியும்விட்டாள். நல்ல வரிகள், பிழை ஒன்றுகூட இல்லை. படித்துப் பார்த்தாள். பதினெட்டு வருடத்தில் அவள் எழுதியதிலேயே கேவலமானது அதுதான் என்று தோன்றியது. கிழித்துப் போட்டாள். பிறகு காய்ச்சலிலிருந்து ஆரம்பித்து உள்ளதை உள்ளபடி எழுதினாள்: மூன்று மாதமாகத் தனக்கு வாசனை தெரியாது, இடையில் எழுதியது நாத்தனாரின் நாக்கு, கெட்டுப்போன கேக்கை நல்ல கேக் என்று சொன்னது தன் குற்றம், அதை நம்பியது மட்டுமே பேக்கரிக்காரர் செய்தது.

ஆசிரியர் இரண்டு முறை படித்தார். "இது வந்தா அடுத்த சனிக்கிழமை உங்க பக்கம் இருக்காது."

"தெரியும் சார். போடுங்க."

அச்சில் வருவதற்கு முன்னால் பேக்கரிக்காரரிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று அன்று சாயங்காலமே கிளம்பினாள். நாத்தனாரும் கூட வந்தாள்; ஆனால் சந்து முனையில் நின்றுகொண்டாள். "நான் உள்ள வரல அண்ணி. நீங்களே பேசுங்க."

கடையில் ஈ காக்கை இல்லை. மனைவி உள்ளே தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். பேக்கரிக்காரர் மூக்கம்மாவைக் கண்டதும் எழுந்தார். ஒரு தட்டில் அதே கேக்கின் துண்டை எடுத்து நீட்டினார்.

"நல்ல வேளை வந்தீங்க. இன்னொரு தரம் சாப்பிட்டுச் சொல்லுங்க. நீங்க சொன்னா நான் நம்பறேன்."

மூக்கம்மா தட்டை வாங்கவில்லை. "எனக்கு வாசனை தெரியாதுங்க. மூணு மாசமாச்சு. அன்னிக்கு உங்ககிட்ட நடிச்சேன். என்னை மன்னிச்சிடுங்க."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. தட்டைக் கீழே வைத்தார். உள்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு ஒன்பது வருஷமா தெரியாது."

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"மாவுத் தூசியா, வயசா, என்னன்னு தெரியல. கொஞ்சம் கொஞ்சமா போய், ஒரு நாள் சுத்தமா போயிடுச்சு. அளவு எல்லாம் கைக்குத் தெரியும், அடுப்பு கண்ணுக்குத் தெரியும். ஆனா வெண்ணெய் பழசா, பருப்பு பழசான்னு எனக்கு எப்படித் தெரியும்? அதான் உங்களைக் கூப்பிடறது. உங்க தலை ஆடினாத்தான் எனக்கு உயிர் வரும்."

மரியாதை என்று இத்தனை வருடம் அவள் நினைத்துப் பெருமைப்பட்டது இதைத்தான். அந்த மனுஷர் இத்தனை நாளும் அவளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்திருக்கிறார். அவளோ இந்த மூன்று மாதமாகக் கண் தெரியாமலே முன்னால் போயிருக்கிறாள். 

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. மனைவி ஈரக் கையோடு கதவில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஒன்பது வருஷமா?" என்று கேட்டாள்.

அவர் கேக் தட்டைக் கல்லாவின் ஓரத்துக்கு நகர்த்தினார்.

"சனிக்கிழமை அடுப்புல வெந்தப்பவே எனக்கு ஒரு மாதிரி அடிச்சுது. வந்து சொன்னேன். 'மூக்கம்மாவே சொல்லிட்டாங்க, உனக்கு என்ன தெரியும்'னீங்க."

"பேக்கரிக்காரனுக்கு வாசனை தெரியாதுன்னு வெளிய தெரிஞ்சா யாரு வாங்குவா? அந்தப் பயந்தான்."

"நான் வெளியவா?" அவள் குரல் உயரவில்லை. "அஞ்சு அடி தள்ளித்தானே நிக்கிறேன். என்கிட்ட மூக்கு இருக்குன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

 மனைவி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் போனாள். வெண்ணெய், பருப்பு, மாவு என்று ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மோந்தாள். சிலதை வைத்தாள், சிலதைத் தரையில் இறக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து அவரும் போய்ப் பக்கத்தில் நின்று, அவள் நீட்டுகிற மூடிகளை வாங்கி வாங்கி மூடினார். இரண்டு பேருமே மூக்கம்மா பக்கம் திரும்பவில்லை. இனி அந்தக் கடைக்கு அவள் தேவையில்லை. வலித்தது. கூடவே தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்தது மாதிரியும் இருந்தது. சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினாள்.

சந்து முனையில் நாத்தனார் காத்திருந்தாள். "என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. அவங்க வேலையைப் பாக்கறாங்க." கொஞ்சம் நடந்த பிறகு சொன்னாள்: "சனிக்கிழமைப் பக்கமும் போச்சு. இனி எந்தக் கடைக்கும் போற வேலை இல்ல எனக்கு."

"அப்போ இன்னிக்கு எழுதறதுக்கு இல்லாம சும்மா ஒரு காபி குடிக்கலாம், வாங்க."

"எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே."

"சூடு தெரியுமில்ல?"

தெரியும் என்றாள் மூக்கம்மா.