ஏழு அடுப்புக்கு ஒரு வாய்

என் மனைவி பஹீமாவைப் பற்றி யாராவது எழுதத்தான் வேண்டும். ஊரில் எழுதத் தெரிந்தவர்கள் எல்லாம் தலைவர்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருப்பதால் நானே எழுதிவிடுகிறேன். அவளுக்குத் தெரிந்தால், "வேற வேல இல்லயா?" என்பாள். இல்லைதான். கத்தாரில் எரிவாயு ஆலையொன்றில் குழாய் பொருத்திவிட்டு ஊர் திரும்பிய பிறகு எனக்கு இரண்டே வேலைகள்: உலகச் செய்தி கேட்பது, கேட்டுவிட்டுக் கோபப்படுவது.

ஏறாவூரில் வாவிப் பக்கம் இறங்கும் எங்கள் ஒழுங்கையில் ஏழு வீடுகளில் இடியப்பம் அவிக்கிறார்கள். விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடியும்போது அது கடைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பஹீமா பிறந்ததும் இதே ஒழுங்கையில்தான். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். நானும் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஐந்து வீடு தள்ளி வந்தவன். நான் விட்டுவந்த வீட்டில் என் தங்கை கைறுன்னிஸா இருக்கிறாள். அவளும் இடியப்பக்காரிதான்.

கேஸ் கிடைக்காமல் ஊரே வரிசையில் நின்ற வருடம் ஏழு பேரும் விறகுக்குத் திரும்பினார்கள். விறகு தர ஒரே ஆள் ஆதம்பாவா. உழவு மெசின் பெட்டியில் ஏற்றிவந்து வேலிக்கு வேலி நிற்பார். "உனக்கு மட்டுந்தான் இந்த வில. ஒருத்திக்கிட்டயும் செல்லிப்போடாத" என்பார். ஏழு பேருக்கும் அதே 'உனக்கு மட்டும்', ஆனால் ஏழு விலை! மாரி வந்தால் ஈர விறகைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார். புகையில் பஹீமாவின் கண் சிவந்து வீங்கிக் கிடக்கும். அதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் வானொலியில் ஐரோப்பிய ஒன்றியத்தைப் பற்றிப் போனது. நான் சும்மா இருப்பேனா? அடுப்படிக்கே போய் விளக்கினேன். இருபத்தேழு நாடுகள். பல நாடுகள் ஒரே இடத்து எரிவாயுவை நம்பியிருந்து, போர் வந்ததும் திண்டாடிப் போயின. தனித்தனியாகப் பேரம் பேசினால் விற்கிறவன்தான் ராசா. ஆகவே தேவையை ஒன்றாகச் சேர்த்து வாங்குவது, வேறு இடங்களிலும் தேடுவது, குளிர் வருமுன் களஞ்சியத்தை நிரப்புவது, ஒரு நாட்டுக்குத் தட்டுப்பாடு வந்தால் பக்கத்து நாடு கொடுப்பது என்று பேசிப் பேசி முடிவெடுத்தார்கள்.

"எல்லாரும் ஓம் எண்டாங்களா?" என்று மாவைப் பிசைந்தபடி கேட்டாள் பஹீமா.

"எங்க! சில விசயத்துல ஒரு நாடு மாட்டன் எண்டாலே எல்லாம் நிண்டிரும். அந்த இடத்து எண்ணெய நிப்பாட்டுவம் எண்டா, குழாயால மட்டும் எண்ணெய் வாற நாடுகள் எங்களுக்கு விலக்குத் தாங்க எண்டு மல்லுக்கட்டிச்சு. சுயநலம் புடிச்ச கூட்டம்!"

"ஏசாதீங்க. அந்த ஊட்டு அடுப்பும் எரியணுமே" என்றாள்.

நான் செய்தியை மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமையே ஆறு பெண்களையும் எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டாள். இனி வேலியில் நின்று விறகுப் பேச்சு யாரும் பேசக்கூடாது. ஏழு பேருக்கும் ஒரு வாய்தான். மழைக்கு முன் ஏழு விறகுக் கொட்டிலும் நிரம்ப வேண்டும். ஒருத்தியின் விறகு நனைந்தால் மற்றவர்கள் கொடுக்க வேண்டும். கிரானில் நெல் ஆலை வைத்திருக்கும் இராசதுரையிடம், விறகு கிடைக்காவிட்டால் எரிக்க உமிக்கும் சொல்லி வைத்திருந்தாள், கெட்டிக்காரி.

எல்லோரும் தலையாட்டினார்கள், என் தங்கையைத் தவிர. அவளுடைய மகள் றிஸானாவை ஆதம்பாவாவின் மகன் ஷிஹானுக்குப் பேசி முடித்திருந்தார்கள். மாரி கழிய கலியாணம்.

"சம்மந்தியோட வெறகுக்குச் சண்ட புடிச்சா கலியாணம் நிண்டிரும் மதினி. என்ட புள்ளட வாழ்க்க" என்று கைறுன்னிஸா அழுதேவிட்டாள்.

அவள் இல்லாமல் காரியம் நடக்காது. ஆதம்பாவா அவள் வளவில் விறகைக் குவித்துவிட்டு, மற்றவர்கள் ஒவ்வொருத்தியாக இறங்கிவரும்வரை பேசாமல் இருந்துவிடுவார். ஒரு பக்கம் பெண்சாதி, ஒரு பக்கம் தங்கை. நான் இரண்டு பேரையும் ஏசினேன்; இரண்டு பேரும் என்னைக் கணக்கில் எடுக்கவில்லை.

"நீ சண்ட புடிக்கத் தேவல்ல. எங்களுக்காக நீயே கதை" என்றாள் பஹீமா.

"நல்லா இரிக்கு! பயந்து நடுங்குறவளயா அனுப்புற?" என்று கத்தினேன்.

"அவதான் கதைக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் பானையை இறக்கப் போய்விட்டாள்.

ஆதம்பாவா வந்தார். மெசினை ஓட்டிவந்தவன் ஷிஹான். முதல் வேலியில் "கைறுன்னிஸாட்டக் கதைங்க" என்றார்கள். அடுத்த வேலியிலும் அதே பதில். ஆறு வேலி கடந்து என் தங்கையின் வாசலுக்கு வரும்போது மனிதரின் முகம் கறுத்திருந்தது. பின்னாலேயே பெண்கள் எல்லோரும் வந்து கூடிவிட்டார்கள்.

கைறுன்னிஸா முக்காட்டை இழுத்து இழுத்து விட்டாள். "மச்சான், ஏழு ஊட்டுக்கும் ஒரே வில. மழைக்கு முந்திக் காஞ்ச வெறகு தரணும்."

"இல்லாட்டி?" என்றார் அவர்.

யா அல்லாஹ், கலியாணம் போச்சு என்றே நினைத்தேன். என் தங்கை மெசினில் இருந்த ஷிஹானைப் பார்த்தாள்.

"இல்லாட்டி என்ன மச்சான்? உங்கட மகன் இந்த ஒழுங்கைக்குத்தானே குடிவாறாரு. ஈர வெறகுப் பொக ஏழு ஊட்டுலருந்தும் அவர்ட கண்ணுக்குத்தான் வரும்."

ஷிஹான் தலையைக் குனிந்து சிரித்தான். ஆதம்பாவா மகனைப் பார்த்தார், ஏழு கூரையையும் பார்த்தார்.

"அப்ப நான் மகனையும் தந்து, காஞ்ச வெறகையும் தரணுமா மச்சி?"

"ஓம்!" என்றார்கள் ஏழு பேரும் ஒரே குரலில்.

மனிதர் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. மூன்றாம் நாள் ஏழு வீட்டிலும் ஒரே விலைக்கு விறகு இறங்கியது. பஹீமா ஒரு கட்டையை எடுத்து இன்னொன்றில் தட்டி, காய்ந்த ஓசை கேட்டதும் தலையசைத்தாள். கைறுன்னிஸா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "காக்கா, கலியாணம் நிக்கல்ல" என்று விம்மினாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது காய்ந்த விறகு.